பழைய கர்நாடக சங்கீதப் பதிவுகள்: சேர்ப்பவர்களும் பகிர்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முப்பது வருஷமாகக் கச்சேரிப் பதிவுகளைச் சேர்த்து வருகிறேன். முதலில் கேசட், அப்புறம் ஸ்பூல் (திறந்த சுருள் டேப்), அதற்கும் பிறகு கிராமபோன் தட்டு. இப்போது எல்லாம் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் போனிலும் நேரிலும் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே, இன்னும் எதற்குத் தேடிச் சேர்க்க வேண்டும்?

நிறையக் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்தது. இன்னும் எடுத்துக் கொடுக்காதது பரணில் கிடக்கிறது.

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 1934-இல் காலமானார். லயத்தில் அவரைப் போல் யாருமில்லை என்று நேரில் கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறார்கள். அவர் குரல் ஒரு தட்டில்கூட இல்லை. அவருக்கு ஒரு வருஷம் முன்னால், 1933-இல், 27 வயதில் போய்விட்டவர் எஸ்.ஜி. கிட்டப்பா. அவர் குரல் இன்றைக்கும் நம் வீட்டில் ஒலிக்கிறது. வீணை தனம்மாளின் வாசிப்பையும் 1930-களின் தொடக்கத்தில் கொலம்பியா கம்பெனி சில தட்டுகளில் பிடித்து வைத்தது. அவர் 1938-இல் மறைந்தார். அந்தச் சில தட்டுகள் மட்டும் இல்லாவிட்டால் தனம்மாளும் நமக்கு நாயனாப் பிள்ளையைப் போல வெறும் பெயராகியிருப்பார்.

வானொலிக் கச்சேரிகளின் கதை இன்னும் வருத்தம். சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. பெரிய வித்வான்கள் எல்லாரும் அங்கே பாடினார்கள். முதலில் நேரடி ஒலிபரப்பு, பதிவே கிடையாது. டேப் வந்த பிறகும் அது விலை அதிகம் என்பதால் அழித்து அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். அதனால் ஒரு ரசிகர் வீட்டில் ரேடியோவுக்கு முன்னால் மைக்கை வைத்து எடுத்த பதிவே சில கச்சேரிகளுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி. என்னிடம் அப்படி ஒரு கல்யாணி ராகப் பதிவு இருக்கிறது. நிரவலின் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) உச்சத்தில் பக்கத்து அறையில் பாத்திரம் விழும். உடனே ஒரு பெண் குரல், அடக்கமாக, “ஐயோ, பதிவாயிடுத்தா?” என்று கேட்கும். அந்தக் குரலுக்கும் சேர்த்துத்தான் அதை வைத்திருக்கிறேன்.

எங்கே ஆரம்பிப்பது?

உங்கள் வீட்டுப் பரணில். அடுத்து, உறவுக்காரர்கள் வீட்டுப் பரணில்.

1960-களிலிருந்து 80-கள் வரை ஓரளவு வசதியான குடும்பங்களில் கல்யாணத்துக்குச் சாயங்காலக் கச்சேரி வைப்பது வழக்கம். முன்னணி வித்வான்கள் வந்து மூன்று மணி நேரம் பாடிவிட்டுப் போவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில் யாராவது ஒருவர் பதிவு செய்திருப்பார். பெட்டியின் மேல் “பெரியவன் கல்யாணம், சாயங்காலம்” என்று மட்டும் எழுதியிருக்கும். பாடியவர் பெயர் இருக்காது, எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு. ஐம்பது வருஷம் கழித்து யாருக்கும் தெரியாது.

கேட்கப் போகும்போது “பழைய டேப் ஏதாவது இருக்கா?” என்று வாசலில் நின்று கேட்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, யார் யார் கச்சேரி கேட்டிருக்கிறீர்கள் என்று பெரியவர்களைப் பேச விடுங்கள். பேச்சு சூடு பிடித்ததும் அவர்களாகவே ஸ்டூலைப் போட்டு ஏறுவார்கள். வயசானவர்களாக இருந்தால் நீங்கள் ஏறுங்கள்.

கிராமபோன் தட்டு எங்கே கிடைக்கும்? பார்த்து வாங்குவது எப்படி?

சென்னையில் அந்தக் காலத்தில் மூர் மார்க்கெட்தான். அது 1985-இல் எரிந்தது. பின்பு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகளில் இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது ஒரு கட்டு கிடைக்கும். மும்பை சோர் பஜாரிலும் தெற்கத்தித் தட்டுகள் கிடைப்பதுண்டு. அங்கே விற்கிறவருக்கு மொழி தெரியாததால் விலை குறைவாகவே இருக்கும்.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கீறல் பரவாயில்லை. பள்ளங்கள் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தால் இரும்பு ஊசி அதைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், ஒலி தேறாது. ஓரத்திலிருந்து உள்ளே ஓடும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். லேபிளில் உள்ள எண்ணையும், லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவில் பொறித்திருக்கும் எண்ணையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே பொறித்திருப்பது பதிவு எண். அதை வைத்துத்தான் எந்தப் பதிவு என்று பின்னால் சரிபார்க்க முடியும். ஒரே பாட்டை ஒரே வித்வான் இரண்டு முறை பதிவு செய்திருந்தால் இந்த எண்தான் காட்டிக்கொடுக்கும்.

பளபளக்கும் பித்தளைக் குழாயோடு “நூறு வருஷப் பழசு” என்று விற்கும் கிராமபோன் பெட்டிகளை வாங்காதீர்கள். பெரும்பாலானவை பல பெட்டிகளின் உதிரிகளைக் கோத்துப் புதிதாகச் செய்தவை. அதில் ஒரு தட்டை நாலு தரம் போட்டால் போதும், தட்டு கெட்டுவிடும்.

தட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

ஸ்பிரிட், சானிடைசர், கொலோன் எதுவும் தொடக்கூடாது. 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய கிராமபோன் தட்டு) அரக்கால் செய்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். நண்பர் ஒருவர் நல்ல எண்ணத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. அழுக்குதான் வருகிறது என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தித் துடைத்தார். வந்தது பாட்டு.

பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பிரஷ், பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்ப்பது. லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் வடிநீரில் அலசி நிழலில் காய வையுங்கள். புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்க வைத்து மேலே மேலே அடுக்கினால் சென்னை வெயிலில் வளைந்துவிடும்.

எல்.பி. பிளேயரில் 78 தட்டைப் போடலாமா?

வேகம் 78 இருந்தாலும் ஊசி வேறு வேண்டும். எல்.பி. ஊசியின் முனை மிகவும் சிறியது. 78-இன் அகலமான பள்ளத்தில் அது அடிவரை இறங்கி, அங்கே தங்கியிருக்கும் தூசியின் இரைச்சலைத்தான் எடுக்கும். 78-க்கென்று சுமார் மூன்று மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் தனி ஊசி கிடைக்கிறது.

இன்னொன்று: 78 என்று பெயர்தானே தவிர, ஆரம்பகாலத் தட்டுகள் சரியாக அந்த வேகத்தில் பதிவாகவில்லை. வேகத்தைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

மூன்று நிமிஷப் பாட்டை வைத்து ஒரு வித்வானை எப்படி மதிப்பிடுவது?

மதிப்பிட முடியாது, அப்படிச் செய்யவும் வேண்டாம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். அதற்குள் ஒரு கீர்த்தனையை அடக்க வேண்டும். சங்கதிகள் (ஒரே வரியைப் படிப்படியாக மாற்றிப் பாடுவது) குறையும், காலப்பிரமாணம் (பாடும் வேகம்) கூடும், நிரவல் இருந்த இடம் தெரியாது. 1925-க்கு முந்திய தட்டுகளில் மைக்கே கிடையாது. ஒரு கூம்புக்குள் தலையை நீட்டி உரக்கப் பாடியதுதான் மெழுகில் பதிந்தது. பாடகி கோயம்புத்தூர் தாயியின் தட்டுகள் அப்படி வந்தவை. அந்த நெருக்கடியிலும் ஒரு பிடியில் ராகத்தை நிறுத்திவிடுகிறாரே, அதைக் கேளுங்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி முதல் தட்டைக் கொடுத்தபோது வயது பத்து, வருஷம் 1926. ஒரே பாடகியை அந்த வயதிலிருந்து எழுபது வயதுக்கு மேலும் பின்தொடர்ந்து கேட்க முடிவது தட்டுகளாலும் டேப்புகளாலும்தான்.

ஸ்பூல் டேப் கிடைத்திருக்கிறது. உடனே போட்டுக் கேட்கலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் டேப், அழியத் தொடங்கிவிட்டது. அதை மற்ற டேப்புகளிடமிருந்து பிரித்து வைத்து, முதல் வேலையாக நகல் எடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுருளின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவுவதும் அசிடேட்டுக்கு அடையாளம். அறுந்தால் சுத்தமாக அறும், ஒட்டிவிடலாம். பாலியஸ்டர் டேப் அறாமல் இழுபட்டு நீளும். நீண்ட இடத்தில் பாட்டு திரும்ப வராது. 1970, 80-களின் சில டேப்புகளில் பசை நமுத்துப்போய், ஓட்டும்போது கீச்சென்று சத்தம் வரும். சத்தம் கேட்டால் அந்த நொடியே நிறுத்திவிட்டு, பதமாகச் சூடுபடுத்திச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டு அடுப்பில் முயற்சி வேண்டாம்.

எந்தப் பூஞ்சணம் பிடித்த டேப்பையும் வேகமாகச் சுற்றாதீர்கள். மெஷினில் டேப் உரசி ஓடும் ஹெட்டை ஒவ்வொரு பக்கத்துக்கும் துடையுங்கள்.

அப்புறம், நம் வீடுகளில் டேப்பை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். 1800 அடிச் சுருள், நொடிக்கு மூன்றேமுக்கால் அங்குல வேகம் என்றால் ஒரு ஓட்டத்துக்கு 96 நிமிஷம். அதே டேப்பின் அகலத்தை நான்காகப் பிரித்து, நான்கு தடங்களில் நான்கு கச்சேரி எடுத்திருப்பார்கள். அதை ஸ்டீரியோ மெஷினில் போட்டால் இடது காதில் ஒரு கச்சேரி, வலது காதில் வேறொரு கச்சேரி கேட்கும். பலர் டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கெடவில்லை, இடம் வலமாகப் பிரித்து எடுத்தால் ஆறு மணி நேர சங்கீதம் கிடைக்கும்.

கேசட்டுகள்?

உள்ளே இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கலாகும். திருகாணி போட்ட ஒரு நல்ல கூட்டுக்குள் டேப்பை மாற்றுங்கள். மங்கலுக்கு இன்னொரு காரணம் ஹெட்டின் சாய்வு. பதிவு செய்த மெஷினின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், உங்கள் மெஷினின் ஹெட் திருகாணியையும் அதே அளவுக்குத் திருப்ப வேண்டும். தம்புராவின் ஜீவா, அதாவது ரீங்காரம், எந்த இடத்தில் மிகத் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் அரை நிமிஷத் திருப்பலில் ஒரு வயலின் உயிர் பெற்று வருவதைக் கேட்டவர்களுக்குச் சலிக்காது.

வேகம் சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேர்ப்பவர்களில் பாதிப் பேர் கவனிக்காமல் விடும் விஷயம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டேப் வேகமாக ஓடினால் சுருதி ஏறும், மெதுவாக ஓடினால் இறங்கும். ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாததால் ராகம் அப்படியே இருக்கும். தோடி தோடியாகவே கேட்கும். அதனாலேயே பலருக்குச் சந்தேகம் வருவதில்லை. ஆனால் ஆறு சதவீதம் வேகம் கூடினால் ஒரு கட்டையில் (கட்டை என்பது ஆதாரச் சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடியவர் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடுவார். ஒரு மணி நேரக் கச்சேரி 57 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பிருகாக்கள் (வேகமான ஸ்வரச் சுழற்றல்கள்) நிஜத்தைவிட மின்னலாகத் தெரியும். “அந்தக் காலத்தில் என்ன வேகம்!” என்று நாம் வியப்பது சில நேரம் மோட்டாரின் வேகத்தை.

சரிபார்க்க மூன்று வழி வைத்திருக்கிறேன். ஒன்று, அதே வித்வான் அதே காலகட்டத்தில் பாடிய நம்பகமான பதிவின் சுருதியோடு ஒப்பிடுவது. ஆனால் வயதாக ஆகச் சுருதியை இறக்கிக்கொள்வது சகஜம். முப்பது வயதுக் கச்சேரியை அறுபது வயதுச் சுருதிக்கு இழுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, பேச்சு. நடுவில் வித்வான் இரண்டு வார்த்தை பேசினாலோ அறிவிப்பாளர் குரல் வந்தாலோ, அது மனுஷக் குரலாக இருக்கிறதா என்று கேளுங்கள். பாட்டில் ஏமாறும் காது பேச்சில் ஏமாறாது.

மூன்றாவது, மின்சாரத்தின் முனகல். பழைய பதிவுகளில் அடியில் ஒரு ‘ம்ம்ம்’ கேட்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த முனகல் 50-இலோ 100-இலோ இருக்க வேண்டும். கணினியில் அலைவரிசைப் படத்தைப் பார்த்தால் எண் தெரியும். 53-இல் நின்றால் ஆறு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். இதிலும் எச்சரிக்கை வேண்டும். நம் மின்சாரம் முன்பு 50-க்குக் கீழே சரிவது சாதாரணம். அதோடு, நகல் எடுத்த மெஷினின் முனகலும் மேலே ஏறியிருக்கலாம். இரண்டு கோடுகள் தெரிந்தால் எது மூலத்துடையது என்று யோசித்த பிறகே கை வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த டேப்புகளில் இன்னொரு கூத்து நடக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். மின்சாரத்தின் துடிப்பை வைத்தே ஓடும் மோட்டாராக இருந்தால், அங்கே வாங்கிய மெஷின் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஒரு கட்டையில் பாடியவர் கீழ் ஆறு கட்டையில் முனகுவார். குரலைக் கேட்ட உடனே தெரிந்துவிடும் என்பது ஒரு நிம்மதி.

எதைத் திருத்தினாலும் திருத்தாத மூலப் பிரதியை அழிக்காதீர்கள்.

எந்த வடிவத்தில் சேமிப்பது? எம்.பி.3 போதாதா?

கேட்பதற்குப் போதும், சேமிப்பதற்குப் போதாது. எம்.பி.3 என்பது சிறிதாக்குவதற்காக ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிவது. எறிந்தது திரும்ப வராது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் வேவ் கோப்பாக எடுங்கள். ஒரு மணி நேர மோனோ பதிவு சுமார் 1 ஜிபி வரும். பிறகு ஃப்ளாக் (எதையும் எறியாமல் சுருக்கும் வடிவம்) ஆக மாற்றினால் ஒலி துளியும் குறையாமல் இடம் மட்டும் மிச்சமாகும். நண்பர்கள் காரில் கேட்பதற்கு அதிலிருந்து ஒரு எம்.பி.3 போட்டுக் கொடுங்கள்.

இரைச்சலை நீக்கிவிட்டுப் பகிரலாமா?

கூடாது என்பது என் கட்சி. குறைந்தபட்சம், நீக்காத பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

‘ஸ்ஸ்’ என்ற டேப் இரைச்சலும் தம்புராவின் நாதமும் ஒரே உயரத்தில் கலந்திருக்கின்றன. இரைச்சலைத் துடைக்கும் மென்பொருள் தம்புராவையும் சேர்த்துத் துடைக்கிறது. நானும் சேகரிக்கும் நண்பர்களும் ஆசையாகச் சுத்தம் செய்த முதல் கச்சேரியில் பாடகர் கிணற்றுக்குள் தனியாக நின்று பாடுவது போல் ஆகிவிட்டது. தட்டின் ‘டக் டக்’ ஒலியை நீக்கும் கருவிக்கு மிருதங்கத்தின் சாப்பும் கஞ்சிராவின் அடியும் கீறல் மாதிரியே தெரியும். தனி ஆவர்த்தனத்தில் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) அதை ஓட்டிப் பாருங்கள், முனை மழுங்கிய அடிகளாக வரும்.

பத்து நிமிஷம் கேட்டால் காது இரைச்சலைத் தானாக ஒதுக்கிவிடும்.

பதிவோடு என்ன குறிப்பு எழுத வேண்டும்?

பாடியவர், பக்கவாத்தியக்காரர்கள் எல்லாரும் (கடம், மோர்சிங் வாசித்தவரையும் விடக் கூடாது), இடம், தேதி, யார் எந்த மெஷினில் எடுத்தது, உங்களிடம் இருப்பது எத்தனையாவது நகல், எங்கே அறுந்திருக்கிறது, வேகத்தை எவ்வளவு திருத்தினீர்கள். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர் என்பது எல்லாரும் எழுதுவது. இதில் யார் வேண்டுமானாலும் பின்னால் கேட்டு எழுதக்கூடியது ராகமும் தாளமும். இடமும் தேதியும் ஒரு தடவை தொலைந்தால் தொலைந்ததுதான்.

பெட்டியில் எழுதியிருந்தது வேறு, நீங்கள் ஊகித்தது வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். “1958 என்று பெட்டியில் உள்ளது”, “குரலை வைத்து 1960-ஐ ஒட்டி என்று நினைக்கிறேன்” என்று இருந்தால் அடுத்தவர் சரிபார்க்கலாம். “1958” என்று மட்டும் போட்டால் உங்கள் ஊகம் பத்து கை மாறி வரலாறாகிவிடும்.

தேதி தெரியாதபோது பக்கவாத்தியம் கைகொடுக்கும். மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று உறுதியானால் கச்சேரி 1962-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது, அந்த வருஷம் அவர் காலமானார். ஆலத்தூர் சகோதரர்கள் இருவருமே பாடுகிறார்கள் என்றால் 1965-க்குள், ஏனென்றால் அவர்களில் ஒருவரான சிவசுப்பிரமணிய ஐயர் அந்த வருஷம் மறைந்தார். துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் வயலின் வில் என்றால் 1964-க்குள். இப்படி இரண்டு பக்கமும் வேலி கட்டிக்கொண்டே வந்தால் பல நேரம் நாலைந்து வருஷத்துக்குள் வந்து நின்றுவிடலாம்.

பாடுவது யார் என்றே தெரியவில்லை. கேட்டால் மதுரை மணி ஐயர் மாதிரி இருக்கிறது. அப்படியே பெயர் போடலாமா?

போடாதீர்கள். அவரைப் போல் பாட முயன்றவர்கள் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஜி.என். பாலசுப்பிரமணியம் (ஜி.என்.பி.) பாணிக்கும் அதே கதைதான். பெரிய பெயர் போட்டால் பலர் கேட்பார்கள், ஆனால் உண்மையில் பாடிய சிறிய வித்வான் தன் ஒரே பதிவையும் இழந்துவிடுவார். “பாடியவர் தெரியவில்லை” என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. அப்படி எழுதி அனுப்பிய ஒரு நாகஸ்வரப் பதிவை, அந்தக் குழுவில் ஒத்து ஊதியவரின் பேரன் கேட்டு அடையாளம் சொன்னார்.

சட்டப்படி பகிரலாமா?

நான் வக்கீல் இல்லை, ஆனால் அடிப்படை இதுதான். 1957-ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு, வெளியான அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1960-இல் வந்த தட்டின் உரிமைக் காலம் 2020 டிசம்பரோடு முடிந்தது. அந்த வகைத் தட்டுகளைத் தாராளமாகப் பகிரலாம்.

பாட்டின் உரிமை தனி. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கீர்த்தனைகளில் சிக்கல் இல்லை. பாபநாசம் சிவன் 1973-இல் காலமானார். அவர் பாட்டுகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது.

வெளியிடப்படாத கச்சேரிப் பதிவுகள்தான் சிக்கலானவை. பாடியவருக்கு உரிமை, ஒலிபரப்பியவருக்கு உரிமை என்று ஒன்றின் மேல் ஒன்றாக வரும். நாங்கள் கடைப்பிடிக்கும் முறை எளிது: கடையில் விற்கும் எதையும் பகிர்வதில்லை. வித்வானோ குடும்பமோ வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிடுவோம். காசு வாங்குவதில்லை, அனுப்பும் செலவுக்குக்கூட.

சபாவில் போனில் பதிவு செய்யலாமா?

அனுமதி இல்லாமல் வேண்டாம். பல சபாக்களில் தடை இருக்கிறது. கச்சேரி முடிந்த பிறகு வித்வானிடமே போய்க் கேளுங்கள். சிலர் தாங்களே எடுத்த நல்ல பதிவைத் தருவார்கள்.

ஒரு வித்வானுக்குக் குரல் ஒத்துழைக்காத நாளின் பதிவு கிடைத்தால்?

வைத்துக்கொள்ளுங்கள், பரப்பாதீர்கள். ஜுரத்தோடு பாடிய ஒரு சாயங்காலத்தை வைத்து அவரை அளக்கும் ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். ஆனால் எழுபத்தைந்து வயதில் குரல் நடுங்கப் பாடியதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் சில பதிவுகள் தங்கம்.

“உனக்கு மட்டும் தருகிறேன், வேறு யாருக்கும் கொடுக்காதே” என்று சொல்லித் தருகிறார்கள். என்ன செய்வது?

வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுங்கள். ஆனால் வாக்குக் கொடுக்கும் முன் பேசிப் பாருங்கள். அவர் பயம் என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் தன் பெயர் சொல்லாமல் யாரோ தங்களுடையது போல் போட்டுக்கொள்வார்கள் என்பதுதான். நாற்பது வருஷம் வரிசையில் நின்று, மைக் பிடித்து, தன் சம்பளத்தில் டேப் வாங்கி எடுத்தவர் அவர். “உங்கள் பெயரை முதல் வரியில் எழுதுகிறேன்” என்று நான் சொன்னதும் மனசு இளகியவர்கள் பல பேர்.

இளகாத ஒருவரும் இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில், அறை முழுக்க ஸ்பூல். கேட்க விடுவார், நகல் எடுக்க விடமாட்டார். அவர் காலமான செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. போய்ச் சேர்ந்தபோது பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து, அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். டேப்புகளைப் பழைய பேப்பர்க்காரர் எடுத்துப் போயிருந்தார். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது என்னவென்று அவர் சொல்லவே இல்லை. சுவரில் ஷெல்ஃப் இருந்த தடம் மட்டும் இன்னும் வெள்ளை ஏறாமல் தெரிந்தது.

எனக்குப் பிறகு இவை என்ன ஆகும்?

இப்போதே வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். எந்தப் பெட்டி, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அலமாரியின் உட்பக்கம் ஒட்டுங்கள்.

கோப்புகள் குறைந்தது மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்புவது பகிர்வதில் சேராது. கோப்பின் பெயர் போய் வெறும் எண்ணாகிவிடும், யார் பாடியது என்பதும் கூடவே போய்விடும். ஹார்ட் டிஸ்கில், குறிப்போடு, முழுசாகக் கொடுங்கள்.

தட்டுகளும் டேப்புகளும் நிறைய இருந்தால் நிறுவனங்களிடம் பேசுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிராமபோன் தட்டுகளும் பாதுகாக்கப்படுகின்றன. மியூசிக் அகாடமியில் டேக் ஒலிக் காப்பகம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து பழைய கச்சேரிகளைக் கேட்கலாம். குருகிராமில் அமெரிக்க இந்தியவியல் கழகம் 1982-இல் தொடங்கிய இசைக் காப்பகம் உண்டு. மும்பையில் 1990-இலிருந்து இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இயங்கி வந்தது. ஓடியன், யங் இந்தியா கம்பெனிகளின் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டல் ஆனதில் மும்பைச் சேகரிப்பாளர்களின் உழைப்பு பெரியது. கொடுப்பதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள்: ரசிகர்கள் கேட்க முடியுமா, எப்படி?

யாழ்ப்பாணத்துப் பதிவுகளைத் தேடுகிறேன். எங்கே கேட்கலாம்?

டொராண்டோ, லண்டன், பாரிஸ் வீடுகளில். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த நாகஸ்வரக் கச்சேரிகளை அந்த ஊர்க்காரர்கள் பலர் கேசட்டில் எடுத்து வைத்திருந்தார்கள். போர்க்காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கையில் எடுத்துக்கொண்ட சில பொருள்களில் அவையும் இருந்தன. யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் தவில் 1975-இல் அவர் மறைவோடு ஓய்ந்தது. அவர் வாசிப்பு இன்று கேட்கக் கிடைப்பதில் ரசிகர்கள் கைப்பட எடுத்த பதிவுகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த கேசட்டுகளுக்கும் வயது ஐம்பதை ஒட்டி ஆகிவிட்டது. கேட்பதாக இருந்தால் இந்த வருஷமே கேளுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேசட். அதுவும் பாட்டு பாதியில் தொடங்குகிறது. யாருக்காவது பயன்படுமா?

பயன்படும், தயவுசெய்து தாருங்கள். என்னிடம் ஒரு தோடி இருந்தது, அனுபல்லவியிலிருந்துதான் தொடங்கும். முதல் பாதி இருந்த டேப்பின் மேல் யாரோ குழந்தையின் மழலையைப் பதிவு செய்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் அப்படியே வைத்திருந்தேன். திருச்சியிலிருந்து ஒருவர், இதே போல ஒரே ஒரு கேசட்தான் சார், முடிவு இல்லை, அனுப்பவா என்று கூச்சத்தோடு கேட்டார். ஆலாபனையில் தொடங்கி அனுபல்லவி தாண்டி அறுந்துபோகும் ஒரு தோடி. சுருதி அரைக் கட்டை வித்தியாசம். வேகத்தைச் சரி செய்து இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டேன். அனுபல்லவி முடிந்து வயலின் எடுத்துக்கொடுக்கும் இடத்தில், சபையில் முன்வரிசையில் யாரோ இரண்டு முறை இருமுகிறார். இரண்டு கேசட்டிலும் அதே இருமல், அதே இடத்தில்.